ஏர்கன்னுக்கு ஸ்கோப் தேடும் காசில் நல்ல பைனாகுலர் வாங்கலாம்

வேர்க்கடலை காய் பிடிக்க ஆரம்பித்தாலும் சரி, நவரை நெல் பால் பிடித்தாலும் சரி, கடம்பத்தூர் வட்டாரத்தில் டீக்கடையில் முதலில் வரும் பேச்சு இப்போது காட்டுப்பன்றிதான். காட்டை ஒட்டிய ஊர்களுக்குத்தான் இந்தத் தொல்லை என்று ஒரு காலத்தில் நினைத்திருந்தோம். பயிர் வைக்காமல் விட்ட கழனி, மனை போட்டு விற்காமல் கிடக்கும் நிலம், ஏரி உள்வாயில் மண்டிய வேலிக்காத்தான் என்று பகலில் படுக்க இடமும், ராத்திரியில் தின்னப் பயிரும் பக்கத்துப் பக்கத்தில் கிடைக்கும்போது பன்றிக்குக் காடு எதற்கு?

இந்தத் தொல்லையோடு புதிதாக ஒரு செலவும் சேர்ந்திருக்கிறது. பயிர்க்காவலுக்கு என்று ஏர்கன் வாங்கும் இளைஞர்கள், அதன் மேல் மாட்டுவதற்கு ஸ்கோப் தேடுகிறார்கள். "அண்ணே, 500 மீட்டர் எடுக்கும்னு போட்டிருக்கான், ரெண்டாயிரத்து ஐந்நூறு ரூபாதான், வாங்கலாமா?" என்று போனை நீட்டிக் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. குறைந்த காசில் நல்ல கண்ணாடி எது என்று தெரிந்துகொள்வதில் தப்பில்லை. ஆனால் அந்தக் கண்ணாடியைத் துப்பாக்கி மேல் மாட்ட வேண்டாம் என்பதே என் பதில். அதற்கான காரணங்களைச் சொல்கிறேன். கண்ணாடி பார்த்து வாங்கும் விதத்தையும் சொல்கிறேன், ஏனென்றால் அது எப்படியும் உங்களுக்கு உதவும்.

முதலில் சட்டம். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் வந்தது. 2022-இல் திருத்தப்பட்ட பிறகு காட்டுப்பன்றி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. மயில் முதல் அட்டவணையில் இருக்கிறது. அனுமதி இல்லாமல் இரண்டில் எதைச் சுட்டாலும் சிறைத்தண்டனைக்குரிய குற்றம். பயிரை அழித்தது என்பதற்காகக் குற்றம் இல்லாமல் போய்விடாது. ஏர்கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாமே என்பார்கள். 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி 4.5 மில்லிமீட்டர் குழலுக்கும் 20 ஜூல் விசைக்கும் மேற்படாத ஏர்கன்னுக்குத்தான் அந்தச் சலுகை. அது அட்டையில் வட்டம் போட்டுக் குறி பார்க்க வாங்கும் பொருள். அந்த விசையில் போகும் ஈயக்குண்டு பெரிய பன்றியின் தோலைக் கீறும், கொழுப்பில் தங்கும், அதோடு சரி. காயம்பட்ட பன்றி அடுத்த நாள் புல் அறுக்கப் போகும் அம்மாவின் மேல் பாயும். 20 ஜூலுக்கு மேற்பட்டது வாங்கினால் லைசென்ஸ் இல்லாத ஆயுதம் வைத்திருந்த வழக்கு தனியாக வரும்.

பயிர்ப் பாதுகாப்புக்கென்று சட்டப்படி கிடைக்கும் துப்பாக்கி எது என்று பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் பயிர்க்காவலுக்குக் குறிப்பிடுவது வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி. அது போதாது என்று லைசென்ஸ் அதிகாரி கருதினால் உள்ளே வரி வெட்டாத வழவழப்பான குழல் கொண்ட வேறு துப்பாக்கி. இரண்டுமே கிட்டத்தில் சுடுபவை. குண்டைச் சுழலவிட்டுத் தூரத்துக்கு நேராக அனுப்புவதற்கு ரைபிளுக்குத்தான் குழலுக்குள் திருகுவரி வெட்டியிருப்பார்கள். வரி இல்லாத குழல் மேல் நெடுந்தூர ஸ்கோப் மாட்டுவது, மாட்டு வண்டிக்கு ஸ்பீடாமீட்டர் வைப்பது மாதிரி. இருக்கும் லைசென்ஸ் துப்பாக்கியையும் தேர்தல் அறிவித்தவுடன் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைக்கச் சொல்வார்கள். பன்றி தேர்தல் தேதி பார்த்து வருவதில்லை.

நம் பக்கத்துக்கென்று இன்னொரு காரணம் இருக்கிறது. சாதாரண பாயிண்ட் 22 ரைபிள் குண்டு ஒன்றரை கிலோமீட்டர் வரை போகக்கூடியது. கடம்பத்தூர் ஸ்டேஷனில் நின்று சுற்றிப் பாருங்கள். சென்னை – அரக்கோணம் ரயில் பாதை, நைட் ஷிஃப்ட் ஆட்களை ஏற்றி வரும் கம்பெனி பஸ், செங்கல் சூளையில் தூங்கும் குடும்பங்கள், கரண்ட் வந்தவுடன் மோட்டார் போட எழுந்து போகிற விவசாயி. ஒன்றரை கிலோமீட்டருக்கு ஆள் நடமாட்டமே இல்லாத திசை என்று ஒன்று இங்கே இல்லை. ஸ்கோப் வழியாகப் பார்ப்பவனுக்குப் பன்றி மட்டும்தான் தெரியும், பன்றிக்குப் பின்னால் இருப்பது தெரியாது.

இனி அந்த இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் ஸ்கோப்பையே எடுத்துக்கொள்வோம். பெட்டியில் 3-9×40 என்று போட்டிருக்கும். மூன்று மடங்கிலிருந்து ஒன்பது மடங்கு வரை பெரிதாக்கும், முன் கண்ணாடியின் அகலம் 40 மில்லிமீட்டர் என்று அர்த்தம். தூரத்துக்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தமில்லை. 500 மீட்டர் என்பது விளம்பரம் எழுதியவரின் கற்பனை. ஏர்கன் குண்டு 30, 40 மீட்டர் தாண்டினாலே சரிய ஆரம்பித்துவிடும். ரைபிளுக்கான ஸ்கோப்புகளைப் பெரும்பாலும் 100 கஜ தூரத்துக்குச் சரிசெய்து அனுப்புகிறார்கள். 15 மீட்டரில் பார்த்தால் உருவம் மங்கும், கண்ணைக் கொஞ்சம் அசைத்தால் குறிக்கம்பி நகர்ந்த மாதிரி தெரியும். அதோடு ஸ்பிரிங் வைத்த ஏர்கன் சுடும்போது முதலில் பின்னாலும் உடனே முன்னாலும் உதைக்கும். இந்த இரட்டை உதையைத் தாங்காமல் மலிவு ஸ்கோப்பின் உள்ளே கம்பி அறுவதும் கண்ணாடி கழல்வதும் சாதாரணம். பிள்ளைகள் விளையாட்டாகக் குறி பார்க்கப் பழகுகிறார்கள் என்றால் அதற்கும் ஸ்கோப் தேவையில்லை. கடலூரில் பிறந்து டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக்ஸ் வரை போன இளவேனில் வாலறிவன் கலந்துகொள்ளும் 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடிக்கு அனுமதியே கிடையாது. சிறு துவாரம் வழியாகத்தான் பார்த்துச் சுடுகிறார்கள்.

அப்படியானால் பன்றியை யார் சுடுவது? 2025 ஜனவரியில் சட்டப்பேரவையில் வனத்துறை அமைச்சர் இதற்கு ஒரு வழி அறிவித்தார். காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை சுடக்கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம். கேரளத்தில் 2022-இலேயே உள்ளாட்சித் தலைவர்களுக்கு உத்தரவிடும் அதிகாரம் கொடுத்து, லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்களைக் கொண்டு சுட வைக்கிறார்கள். நம் மாநிலம் அந்த வழிக்குப் போகவில்லை. என்னைக் கேட்டால், ரயிலும் கம்பெனியும் நெருங்கிக் கிடக்கும் நம் மாதிரி மாவட்டத்துக்கு வனத்துறை சுடுவதே சரி. கூடாது என்று சொல்லும் நண்பர்கள் என்னிடம் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

ஆனால் சரியான உத்தரவு வேறு, அது நடப்பது வேறு. எந்தக் கழனியில், எந்த நேரத்தில், எத்தனை பன்றி, எந்தப் பக்கமிருந்து என்று யாராவது திட்டமாகச் சொன்னால்தான் வனத்துறை ஆள் வந்து நிற்க முடியும். "ராத்திரி ஒரு கும்பல் வந்துச்சு சார், எல்லாத்தையும் அழிச்சிடுச்சு" என்ற மனுவை வைத்துக்கொண்டு யாரும் எதுவும் செய்ய முடியாது. இங்கேதான் விவசாயிக்குக் கண்ணாடி வேண்டும். சுடுவதற்கான ஸ்கோப் அல்ல, பார்ப்பதற்கான பைனாகுலர்.

பைனாகுலரும் ஸ்கோப்பும் ஒரே கணக்கில் வேலை செய்பவை. நல்லது கெட்டது பார்க்கும் முறையும் ஒன்றே. பெட்டியில் உள்ள இரண்டு எண்களில் முதல் எண் பெரிதாக இருந்தால் நல்லது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அங்கேதான் ஏமாறுகிறார்கள். இருட்டில் பார்ப்பதற்கு முக்கியம், இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்தால் வரும் விடை. 8×42 என்றால் 42-ஐ 8-ஆல் வகுக்க 5.25. கண் வைக்கும் பக்கத்தில் 5.25 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு வெளிச்சப் பொட்டு வெளியே வருகிறது என்று பொருள். இருட்டில் வாலிபனின் கண்பாவை 7 மில்லிமீட்டர் வரை விரியும். அறுபது வயதுக்காரருக்கு 5 மில்லிமீட்டரைத் தொட்டாலே பெரிது. அதனால் 5-க்குப் பக்கத்தில் பொட்டு இருந்தால் நம் கண் வாங்கக்கூடிய வெளிச்சம் அநேகமாக முழுவதும் கிடைத்துவிடும். சட்டைப்பையில் வைக்கும் 10×25 பைனாகுலரில் பொட்டு வெறும் 2.5. பகலில் கொக்கு பார்க்கலாம், பொழுது சாய்ந்தால் கறுப்புதான். பத்து மடங்குக்கு மேல் போனால் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகித் தெரியும், ஸ்டாண்டு இல்லாமல் பிடிக்க முடியாது. ஆகவே 8×40 அல்லது 8×42 போதும். வரப்பில் நடந்துகொண்டே எடுத்துப் பார்க்க இதுவே தோது.

பெட்டியில் 40×60, 50×50 என்றெல்லாம் போட்டு ஆயிரம் ரூபாய்க்கு விற்பதை நம்பாதீர்கள். இதைக் கண்டுபிடிக்கக் கடைக்காரர் தயவு தேவையில்லை, பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்று போதும். முன் கண்ணாடியின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். சுற்றியுள்ள பிளாஸ்டிக்கை அல்ல, கண்ணாடியை மட்டும். பல சமயம் 60 என்று போட்டதில் கண்ணாடி 40 தான் இருக்கும். பிறகு பைனாகுலரை ஒரு முழம் தள்ளிப் பிடித்து, முன்பக்கத்தை வெளிச்சமான வானத்தைப் பார்க்கத் திருப்புங்கள். சூரியன் இருக்கும் திசை கூடாது. கண் வைக்கும் பக்கத்தில் வட்டமாக ஒரு வெளிச்சப் பொட்டு தெரியும். அதன் அகலத்தை ஸ்கேலால் அளந்து, முன் கண்ணாடி அகலத்தை அதனால் வகுங்கள். வருவதுதான் உண்மையான பெருக்கம். 40 மடங்கு, 60 மில்லிமீட்டர் என்றால் பொட்டு ஒன்றரை மில்லிமீட்டர்தான் இருக்க முடியும். அது 4 மில்லிமீட்டருக்கு இருந்து, கண்ணாடியும் 40 தான் என்றால், உங்கள் கையில் இருப்பது பத்து மடங்கு பைனாகுலர், 40 மடங்கு அல்ல.

அதே பொட்டைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். முழு வட்டமாக, ஓரம் வரை ஒரே வெளிச்சமாக இருந்தால் உள்ளே இருக்கும் பிரிசம் நல்லது. ஓரங்கள் வெட்டுப்பட்டு, சாம்பல் நிறமடித்து சதுரம் மாதிரி தெரிந்தால் மட்டமான கண்ணாடி. விவரப் பட்டியலில் பி.ஏ.கே.4 என்று போட்டிருப்பது நல்ல வகை, பி.கே.7 அதற்கு அடுத்தது. பூச்சையும் கவனிக்க வேண்டும். பூச்சு இல்லாத கண்ணாடியின் ஒவ்வொரு முகத்திலும் நூற்றுக்கு நாலு பங்கு வெளிச்சம் திரும்பிப் போய்விடும். பைனாகுலருக்குள் பத்து முகம் இருந்தால் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் வழியிலேயே போச்சு. நல்ல பூச்சு உள்ள கண்ணாடியைச் சாய்த்துப் பார்த்தால் மங்கலாகப் பச்சையோ ஊதாவோ தெரியும். பளபளவென்று கண்ணாடி மாதிரி சிவப்படித்தால் வாங்காதீர்கள். பார்க்க ஜோராக இருக்கும், உள்ளே வர வேண்டிய சிவப்பு வெளிச்சத்தை வெளியே அனுப்பிவிடும்.

கடையில் கையில் எடுத்தால் தூரத்து மின்கம்பத்தையோ மாடி ஓரத்தையோ ஐந்து நிமிடம் விடாமல் பாருங்கள். இரண்டு குழலும் ஒரே கோட்டில் இல்லையென்றால் கண் இழுக்கும், தலை வலிக்கும். அதை எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் அதைக் கழற்றாமலே முழுக் காட்சி தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். கண் தள்ளி நிற்கும் தூரம் 15 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. ஆன்லைனில் வாங்கினால் திருப்பி அனுப்பும் நாள் முடிவதற்குள் இந்தச் சோதனைகளை எல்லாம் செய்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளியே எடுக்க வேண்டியிருப்பதால் நைட்ரஜன் நிரப்பிய, தண்ணீர் புகாத வகை கிடைத்தால் நூறு இருநூறு கூடக் கொடுக்கலாம். இல்லாவிட்டால் உள்ளே ஆவி படியும், பிறகு பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை பிடித்த கண்ணாடியைச் சரிசெய்யும் செலவில் புதிதே வாங்கிவிடலாம். இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள், பம்ப் செட் ரூமில் உர மூட்டை பக்கத்தில் வேண்டாம். தூசியை முதலில் ஊதிவிட்டுப் பிறகு மெல்லிய துணியால் துடையுங்கள். தோள் துண்டால் துடைத்தால் ஒரே சாகுபடியில் பூச்சு போய்விடும்.

இவ்வளவும் பார்த்து வாங்கினால் ஐந்தாயிரத்திலிருந்து பத்தாயிரத்துக்குள் நல்லதே கிடைக்கும். தனி ஆளுக்கு இது அதிகம்தான். பக்கத்துப் பக்கத்துக் கழனிக்காரர்கள் ஐந்து பேர் சேர்ந்தால் தலைக்கு ஆயிரம், இரண்டாயிரம். உழவர் ஆர்வலர் குழுவுக்கு ஒன்று என்று வைத்தாலும் போதும்.

நிலா வெளிச்சத்தில் நல்ல 8×42 வெறுங்கண்ணுக்குத் தெரியாததைத் தெரிய வைக்கும். அமாவாசையில் அதுவும் கைவிடும், ஒப்புக்கொள்கிறேன். டார்ச்சின் மேல் சிவப்புக் கண்ணாடிக் காகிதம் கட்டினால் பன்றி வெள்ளை வெளிச்சத்துக்கு மிரளும் அளவுக்கு மிரளாது. பன்றிக்குப் பார்வை மட்டு, மோப்பம் அதிகம். காற்று உங்களிடமிருந்து அது வரும் பக்கம் அடித்தால் எவ்வளவு பதுங்கினாலும் பயனில்லை. பரண் போடும்போதே காற்றின் திசையைப் பார்த்துப் போடுங்கள். எந்த மடை வழியாக ஏறுகிறது, எத்தனை மணிக்கு, குட்டியோடு எத்தனை, எந்தப் புதருக்குத் திரும்புகிறது என்று ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். காலையில் சேதத்தைப் போனில் இடம், நேரம் பதிவாகும்படி போட்டோ எடுங்கள். பத்து நாள் கணக்கோடு வனச்சரக அலுவலகத்துக்கும், கிராம நிர்வாக அலுவலருக்கும், உதவி வேளாண்மை அலுவலருக்கும் மனு கொடுத்தால் அதன் மதிப்பே வேறு. உங்கள் ஊர் காப்புக்காட்டிலிருந்து எத்தனை கிலோமீட்டர் கணக்கில் வருகிறது என்பதையும் அப்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நிவாரணத்துக்கும் இதே நோட்டு உதவும்.

விரிவாக்கப் பணியில் இருக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில் ஒரு நல்ல பைனாகுலர் இருந்தால், மேலே சொன்ன ஸ்கேல் சோதனையைக் கூட்டத்தில் ஐந்து நிமிடத்தில் செய்து காட்டிவிடலாம். திரூர் வேளாண் அறிவியல் நிலையப் பயிற்சிகளுக்கு வருபவர்களுக்கும் இதைக் காட்டலாம். போலிக் கண்ணாடியில் போகும் பணம் மிச்சம்.

வனத்துறையிடம் கேட்க வேண்டியதும் உண்டு. நல்ல ஸ்கோப் உண்மையில் தேவைப்படும் இடம் அதுதான். சுடும் பொறுப்பை ஏற்றுக்கொண்ட துறை, ஒவ்வொரு சரகத்துக்கும் பயிற்சி பெற்ற ஆட்களையும், உடல் சூட்டை வைத்து இருட்டில் விலங்கைக் காட்டும் தெர்மல் கருவியையும் கொடுத்திருக்கிறதா? லட்சக்கணக்கில் விலையுள்ள அந்தக் கருவி விவசாயி வாங்கக்கூடியதல்ல, அரசு வாங்க வேண்டியது. அங்கேயும் பெரிய எண்ணுக்கு மயங்க வேண்டியதில்லை. கழனியில் பன்றியைச் சுடும் தூரம் 50, 100 மீட்டர்தான். மூன்று, நான்கு மடங்கில் வெளிச்சமாகத் தெரியும் கண்ணாடியும், உதையில் நகராத உறுதியான மவுண்ட்டும் போதும். ஒரே குண்டில் பன்றி விழ வேண்டும். பின்னால் ஏரிக்கரை மாதிரி மண்மேடு இருக்கும் பக்கமாக மட்டுமே சுட வேண்டும். ஆளும் கருவியும் இல்லாமல் உத்தரவு மட்டும் இருந்தால் என்ன நடக்கும் என்பதும் தெரிந்ததே. பொறுக்க முடியாதவன் வேலிக் கம்பியில் திருட்டு கரண்ட் விடுகிறான், இல்லையென்றால் நாட்டு வெடி வைக்கிறான். பன்றிக்கு வைத்ததில் மனிதனும் கறவை மாடும் சாகிற செய்தி வராத வருடம் இல்லை.

சோலார் வேலி போட நினைப்பவர்கள் 2023-இல் வந்த மின்வேலி விதிகளின்படி வனத்துறையிடம் பதிவு செய்ய வேண்டும். மானியம் இந்த ஆண்டு இருக்கிறதா என்று வேளாண் பொறியியல் துறையில் கேளுங்கள். வேலி எந்தப் பக்கம் முதலில் வேண்டும் என்று அவர்கள் கேட்கும்போது, நோட்டில் எழுதி வைத்த மடையைக் காட்டுங்கள்.